மறைந்த குள்ளமரைக்கு ஒரு நிமிட மௌனம்

செத்து நூற்று நாற்பது வருஷம் கழித்துப் பிறந்தது அந்தக் குள்ளமரை. அது செய்த முதல் தப்பு அதுதான். இரண்டாவது தப்பு, தீவனக்காரர் கையால் மட்டுமே தின்பேன் என்று அடம் பிடித்தது. இந்த இரண்டில் எதற்காக அதற்குத் தண்டனை கிடைத்தது என்று பேரவையின் நூற்றுப் பன்னிரண்டு பக்கத் தீர்ப்பைப் புரட்டினாலும் தெரியாது. தீவனக்காரர் புரட்டிப் பார்த்தார். அதில் அவருக்குப் புரிந்தது பக்க எண்கள் மட்டும்தான்.

குள்ளமரை என்றால் ஆட்டைவிடக் கொஞ்சம் பெரிசு, கன்றுக்குட்டியைவிடக் கொஞ்சம் சிறிசு. தொங்கு காது, முதுகில் ஒரு கறுப்புக் கோடு, எப்போதும் யார் மேலோ வருத்தத்தில் இருப்பது போன்ற முகம். இனத்தில் கடைசியாக இருந்த ஒன்றை யாரோ ஒரு புண்ணியவான் சுட்டு, பாடம் பண்ணி, கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தி வைத்திருந்தான். ஆராய்ச்சி நிலையத்து டாக்டரம்மா அதன் தோலில் ஒரு துணுக்கைச் சுரண்டி எடுத்து, பதினோரு வருஷம் பாடுபட்டு, ஒரு வெள்ளாட்டின் வயிற்றில் வளர்த்து வெளியே கொண்டுவந்தார். வெள்ளாடு குட்டியைப் பார்த்தது. மோந்தது. ஓர் உதை விட்டுவிட்டு மூலையில் போய் நின்றுகொண்டது. டாக்டரம்மா கைதட்டலுக்கும் புகைப்படத்துக்கும் நடுவில் இருந்தார். குட்டியைத் துண்டில் சுருட்டி எடுத்தவர் தீவனக்காரர்.

நிலையத்து விலங்குக் கொட்டகையில் இருபத்தாறு வருஷமாகத் தீவனம் போடுகிறவர் அவர். புட்டிப்பால் கொடுத்துக் குட்டியைத் தேற்றிவிட்டார். ஏழாவது வாரம் மல்பெரித் தழையை முன்னால் போட்டபோதுதான் சிக்கல் வந்தது. குட்டி தழையை மோந்தது, மிதித்தது, அதன் மேலேயே படுத்துக்கொண்டது. தாய் மென்று காட்டினால்தானே பிள்ளைக்கு மெல்லத் தெரியும்? இதற்குத் தாயும் இல்லை, சித்தியும் இல்லை, உலகத்திலேயே சொந்தம் என்று சொல்ல ஒரு ஜீவன் இல்லை. தீவனக்காரர் இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. ஒரு கொத்துத் தழையைத் தன் வாயிலேயே போட்டு மென்றார். குட்டி காதை நிமிர்த்திப் பார்த்தது. தானும் ஒரு தழையைக் கவ்வி, அவர் தாடை போகிற பக்கமே தன் தாடையையும் கொண்டுபோனது.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் மென்றால் அது மெல்லும். அவர் நிறுத்தினால் அதுவும் நிறுத்தும். காலையில் இரண்டு கட்டு, மாலையில் இரண்டு கட்டு. அவர் மெல்லாவிட்டால் அது பட்டினி.

"நாள் பூரா தழைய மென்னுட்டு வந்து, என் சோத்த மட்டும் குறை சொல்லுங்க" என்றாள் அவர் மனைவி. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். பேசும்போதும் தையல் மெஷினை நிறுத்தமாட்டாள்.

"உன் சோத்த யாரு குறை சொன்னா?"

"வாய்ல சொல்லல. மூஞ்சில எழுதி ஒட்டியிருக்கு."

இதெல்லாம் நல்ல காலத்தில் நடந்தது. குட்டிக்கு நான்கு மாதம் ஆனபோது மீளுயிர்ப்பு நெறிப் பேரவையிலிருந்து கடிதம் வந்தது. அழிந்துபோன உயிரை விஞ்ஞானம் திரும்பக் கொண்டுவருவது கடவுளுக்குச் சம்மதமா இல்லையா என்பதைக் கடவுளுக்கு அடுத்தபடியாக முடிவு செய்யும் அதிகாரம் அந்தப் பேரவைக்குத்தான் இருந்தது. பேரவையின் கேள்வி ஒன்றே ஒன்று: இந்த விலங்கு படைக்கப்பட்டதா, செய்யப்பட்டதா? படைக்கப்பட்டது என்றால் அது ஓர் உயிர். கொட்டகை, வைத்தியம், தீவனம் எல்லாம் ஆயுசுக்கும் உண்டு. செய்யப்பட்டது என்றால் சாமான்; பழைய மைக்ராஸ்கோப்புகளோடு கிடங்கில் வைத்துப் பூட்டிவிடலாம். முடிவு தெரியும் வரை அதற்குப் பெயர் வைக்கக் கூடாது என்றும் கடிதத்தில் கண்டிருந்தது. பெயர் சூட்டுவது படைத்தவன் வேலையாம். தீவனக்காரர் அதை "வாடி" என்று கூப்பிடுவார், அது வரும். 'வாடி' என்பது பெயரா, வெறும் அழைப்பா என்று விசாரிக்கவே இரண்டு அமர்வுகள் ஆயின. அழைப்புதான் என்று முடிவானது. ஆனால் அது கூப்பிட்டதும் வருவதைக் குறைத்துக்கொண்டால் நல்லது என்று அறிவுரை சொன்னார்கள்.

பேரவை மண்டபத்தில் நீள மேசைக்குப் பின்னால் மூன்று உயரமான நாற்காலிகள். பதவிக்கு வருகிறவர்கள் தங்கள் பெயரை வாசலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது விதி. அதனால் அவர்களை முதல் இருக்கை, இரண்டாம் இருக்கை, மூன்றாம் இருக்கை என்றே சொல்ல வேண்டும். முதல் இருக்கை ஒல்லியானவர், எதற்கும் தலையாட்டமாட்டார். இரண்டாம் இருக்கை எப்போதும் கண்ணை மூடியிருப்பார். மூன்றாம் இருக்கைக்குத் தீராத ஜலதோஷம். இவர்களுக்குக் கீழே ஒரு செயலர், கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு.

ஒவ்வொரு அமர்வும் ஒரே மாதிரிதான் தொடங்கும்.

"மறைந்த குள்ளமரை இனத்துக்கு ஒரு நிமிட மௌனம்" என்றார் செயலர். எல்லோரும் எழுந்து தலை குனிந்தார்கள்.

தீவனக்காரர் கயிற்றைப் பிடித்தபடி ஓரமாக நின்றார். கயிற்றின் மறுமுனையில் மறைந்த குள்ளமரை நின்றது. இருபதாவது விநாடியில் அது "ம்ம்மே" என்றது.

செயலர் கடிகாரத்தை நிறுத்தினார். "மௌனம் கலைஞ்சிருச்சு. மறுபடி முதல்லருந்து."

"கலைச்சது யாரு?" என்றார் முதல் இருக்கை.

"மறைந்தவர்தாங்க."

"குறிச்சுக்குங்க."

மறுபடி நின்றார்கள். மறுபடி அது கத்தியது. நான்கு தடவை கலைந்தது. மூன்றாம் இருக்கைக்குக் கால் வலி வந்துவிட்டது. தீவனக்காரர் பொறுக்கமாட்டாமல் சட்டைப் பையிலிருந்து தழையை எடுத்து அதற்கு ஒரு வாய் கொடுத்து, தானும் ஒரு வாய் போட்டு மென்றார். சத்தம் அடங்கியது. மௌனம் நிறைவேறியது. ஆனால் குனிந்த தலையோடு ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த மூன்றாம் இருக்கை, தலை நிமிர்ந்ததும் கத்தினார்.

"இடப்பக்கம்! பாத்தீங்களா? ஒரு தடவகூட வலப்பக்கம் போகல. ஆடு ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி மெல்லும். மாடும் அப்படித்தான். இது மட்டும் இடப்பக்கம். இத யாரு சொல்லிக் குடுத்தா? எந்த ஆய்வுக்கூடம் சொல்லிக் குடுத்துச்சு? படைச்சவன் போட்ட முத்திரைங்க இது!" என்று சொல்லி மூக்கைச் சிந்தினார்.

டாக்டரம்மா எழுந்தார். "மன்னிக்கணும். அது மரபணுவுல இருக்கு. குள்ளமரைங்க எல்லாமே இடப்பக்கம்தான் மென்னுருக்கும். நான் கட்டுரையே எழுதியிருக்கேன், இருபத்திரண்டு பேர் மேற்கோள் காட்டிட்டாங்க."

"மரபணுவுல இருந்தா அது நீங்க எழுதினது. நீங்க எழுதினதுன்னா செய்யப்பட்டது. செய்யப்பட்டதுன்னா சாமான். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் முதல் இருக்கை.

யோசிக்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டார்கள். இடப்பக்கத்தின் புனிதம் பற்றி மூன்றாம் இருக்கை நாலு மணி நேரம் பேசினார். டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். படத்தில் இருந்த தாடைகள் எல்லாம் இடப்பக்கம் நகர்ந்தன. கடைசியில் முதல் இருக்கையின் கை ஓங்கியது. கிடங்கு காலியாக இருக்கிறதா என்று விசாரித்துவரச் செயலர் ஆளும் அனுப்பிவிட்டார். அதைக் கேட்டதும் தீவனக்காரர் கயிற்றோடு மேசை முன்னால் வந்து நின்றார். இத்தனை மாதமாக வாயைத் திறக்காமல் இருந்தவர் வாயைத் திறந்தார், நிஜமாகவே.

"அய்யா, தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கு வலப்பக்கம் ரெண்டு கடவாப்பல்லு இல்ல. ஒன்பது வருஷம் முன்னாடி பிடுங்கிட்டாங்க. அதான் நான் இந்தப் பக்கம் மெல்றேன். என்னப் பாத்து அதுவும் மெல்லுது. இதுல சாமியும் இல்ல, அந்த என்னமோ அணுவும் இல்லீங்க."

மண்டபத்தில் கேட்காமலே ஒரு நிமிட மௌனம் நிலவியது.

மூன்று இருக்கைகளும் இறங்கி வந்தார்கள். செயலர் டார்ச் அடித்தார். தீவனக்காரரின் வாய் 'சான்று ஏழு' என்று பதிவானது. டாக்டரம்மா கிட்டே வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்று இருபத்திரண்டு பேரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தார்.

"அப்படின்னா இவரப் பாத்து அது பழகியிருக்கு" என்றார் செயலர், விதிப் புத்தகத்தைப் புரட்டியபடி. "விதி பத்தொன்பது. பழக்கத்தைக் கைமாற்றிக் கொடுத்தவர் அதற்கு உறவினர் ஆவார். இதுவரைக்கும் 'உறவினர்' கட்டம் காலியாவே கெடந்துது. இப்பதான் பூர்த்தியாச்சு."

உறவினர் கிடைத்துவிட்டதால், விஷயத்தை ஆற அமர மறுபரிசீலனை செய்யலாம் என்று ஒத்திவைத்தார்கள். கிடங்கு விவகாரம் அப்போதைக்கு நின்றது. தீவனக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

"எனக்குத் தெரியாம ஒரு பொண்ணப் பெத்து வச்சிருக்கீங்க, சொல்லவே இல்ல" என்றாள் மனைவி. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனாலும் அவள் சிரித்தாள்.

மறுநாள் காலை தழைக்கட்டோடு கொட்டகைக்குப் போனார். வாசலில் மஞ்சள் பெயின்ட்டில் புதிதாக ஒரு கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் காவலாளி.

"உள்ள போகக் கூடாது சார். உறவினர் ஐம்பது அடிக்கு அப்பால நிக்கணும்னு ஆர்டர்."

"நான் தீவனம் போடறவன்ப்பா. தெரியாத மாதிரி பேசற?"

"நேத்து வரைக்கும் தீவனம் போடறவரு. இப்ப நீங்க சொந்தக்காரரு. விசாரணைல இருக்கறவங்களச் சொந்தக்காரங்க பாத்தா மனச மாத்திடுவாங்களாம்."

"யாரு மனச?"

காவலாளி கொட்டகையைக் காட்டினான். குட்டி கம்பிக்குள்ளிருந்து அவரைப் பார்த்துவிட்டு முன்னங்கால்களைத் தூக்கிக் கம்பியில் வைத்துக் கத்தியது.

தீவனம் போடக் கிடங்குப் பிரிவிலிருந்து வேறொருவரை நியமித்திருந்தார்கள். முப்பத்திரண்டு பல்லும் முழுசாக உள்ள ஆள் வேண்டும், இனிமேல் யாருடைய பழக்கமும் தொற்றக் கூடாது என்பது நிபந்தனை. பல் மருத்துவரின் சான்றிதழ் காட்டி வேலைக்கு வந்தவர் என்பதால் எல்லோரும் அவரை முப்பத்திரண்டு என்றே கூப்பிட்டார்கள். முப்பத்திரண்டு தழைக்கட்டை உள்ளே போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்தார்.

"மென்னு காட்டுப்பா! நீ மென்னாதான் அது மெல்லும்!" என்று கோட்டுக்கு வெளியே நின்று கத்தினார் தீவனக்காரர்.

"நான் எதுக்குத் தழை திங்கணும்? ஆர்டர்ல அப்படிப் போடலியே."

"ஒரே ஒரு வாய்ப்பா. உன் கால்ல வேணா விழறேன்."

அவர் குரலில் இருந்த என்னவோ முப்பத்திரண்டை எழுப்பியது. ஒரு தழையை எடுத்து வாயில் போட்டு இரண்டு பக்கமும் மென்றார். குட்டி அவரையே பார்த்தது. வீடு மாறி வந்துவிட்ட விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. முப்பத்திரண்டு தழையைத் துப்பிவிட்டு, "கசக்குது" என்று சொல்லி மறுபடி போனுக்குப் போனார்.

முதல் நாள் தின்னவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் தீவனக்காரர் டாக்டரம்மாவின் அறைக்குப் போனார். டாக்டரம்மா தன் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"அம்மா, அது மூணு நாளா எதுவும் திங்கல. ஏதாவது பண்ணுங்கம்மா."

"எனக்குக் கஷ்டமா இல்லைன்னு நெனைக்கறீங்களா? பதினோரு வருஷம். ஆனா ஒண்ணப் புரிஞ்சுக்கணும். அதக் கொண்டு வர்றது என் வேலை. வச்சிருக்கறது வேற பிரிவு. குளுக்கோஸ் ஏத்தலாம்னு பேரவைக்கு எழுதிட்டேன், நகல் இதோ இருக்கு. இனிமே என் மேல தப்பு இல்ல."

அங்கிருந்து செயலரிடம் ஓடினார். செயலர் மனுவை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

"தீவனம் சம்பந்தமான மனுவத் தீவனக்காரர்தான் குடுக்கணும்."

"நான்தாங்க தீவனக்காரன்."

"நீங்க உறவினர்."

"சரி, உறவினராவே கேக்கறேன்."

"உறவினர் ஆன்மா பத்தி மட்டும்தான் மனு குடுக்கலாம். வயிறு பத்திக் குடுக்க வழியில்ல." குரலைத் தாழ்த்தி, மனிதாபிமானத்தோடு, "ஆன்மா பத்தி ஏதாவது எழுதுங்களேன், சீக்கிரமா எடுத்துக்கச் சொல்றேன்" என்றார்.

தீவனக்காரருக்கு ஆன்மாவைப் பற்றி என்ன தெரியும்? 'அதற்கு ஆன்மா இருக்கிறது. அது பசியாக இருக்கிறது' என்று இரண்டே வரி எழுதிக் கொடுத்தார். வந்த வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அவசர அமர்வு கூடியது. இரண்டாம் இருக்கை, பேரவை வரலாற்றிலேயே முதல் தடவையாக, கண்ணைத் திறந்தார்.

"பட்டினின்னு யாரு சொன்னது? சாப்பாடு இல்லாம கெடந்தா பட்டினி. முன்னால தழை மலை மாதிரி கெடக்குது. ஆனாலும் தொடல. அப்ப என்ன அர்த்தம்? அது நோன்பு இருக்கு. நான் நாப்பது வருஷமா நோன்பு இருக்கறவன், எனக்குத் தெரியாதா? இடையில பழச்சாறு, முந்திரி, கொஞ்சம் பால், அவ்வளவுதான் நான் எடுத்துக்கறது. இந்த ஜீவன் அதுகூடத் தொடலயே! நமக்கெல்லாம் மேல போயிருச்சு."

"நோன்பு இருக்கணும்னா ஆன்மா வேணும். உறவினரே எழுதிக் குடுத்திருக்காரு" என்று மூன்றாம் இருக்கை எழுந்தேவிட்டார்.

முதல் இருக்கை, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, தலையாட்டினார்.

"அய்யா, அது நோன்பெல்லாம் இல்லீங்க. அதுக்குத் திங்கத் தெரியலீங்க. என்னப் பக்கத்துல விட்டா அஞ்சே நிமிஷத்துல தின்னுரும். ஒரு தடவ விட்டுப் பாருங்கய்யா" என்றார் தீவனக்காரர்.

"உறவினருக்குப் பாசம் கண்ண மறைக்குது. எழுதிக்குங்க" என்றார் இரண்டாம் இருக்கை. எழுதிக்கொண்டார்கள். நோன்பில் இருக்கும் உயிருக்குக் குளுக்கோஸ் ஏற்றுவது பாவம் என்றும் சேர்த்து எழுதினார்கள். விலங்குக்கு ஆன்மா உண்டு, எனவே அது படைக்கப்பட்டது, எனவே அதற்கு ஆயுசுக்கும் தீவனம் போடலாம், அதன் உறவினரே போடலாம் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. ஆனால் தீர்ப்பை எழுத வேண்டும். மூன்று இருக்கைகளும் இருக்கும்போது, விலங்கின் முன்னிலையில், முழுசாக வாசிக்க வேண்டும். மூன்றாம் இருக்கை கருணையைப் பற்றிய மாநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒன்பது நாள் கழித்துத் தேதி கொடுத்தார்கள்.

நோன்பிருக்கும் விலங்கு என்று செய்தி பரவியதும் கொட்டகை வாசலில் கூட்டம் கூடியது. கை கூப்பி வரிசையாக உள்ளே போய், கம்பிக்கு இரண்டடி தள்ளி நின்று பார்த்துவிட்டு வந்தார்கள். அவர்கள் யாரும் உறவினர் இல்லையே, அவர்களுக்குத் தடை ஏது? ஊரில் உள்ளவர்கள் எல்லாம் இரண்டடியில், இவர் ஒருத்தர் மட்டும் ஐம்பதடியில்.

அன்று சாயங்காலம் மனைவி மெஷினை நிறுத்தினாள். அது நிற்கிற சத்தமே அவருக்குப் புதிது.

"எப்படி மெல்லணும், காட்டுங்க" என்றாள்.

"என்னது?"

"என்ன யாரும் அங்க பாத்ததில்லல்ல? நான் வரிசைல போறேன். காட்டுங்க."

இருவரும் சமையலறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து தழையை மென்றார்கள். அவள் தாடை பழக்கதோஷத்தில் வலப்பக்கம் போனது. அவர் அவள் கன்னத்தில் ஒரு விரலை வைத்துத் தடுத்தார். "இந்தப் பக்கம். இழுத்து, மெதுவா. அவசரமே படக் கூடாது." மறுநாள் சேலைத் தலைப்பில் தழையை முடிந்துகொண்டு வரிசையில் நின்றாள். கம்பியருகே போனதும் ஒரு தழையை வாயில் போட்டு இடப்பக்கமாக இழுத்து மென்றாள். கோட்டுக்கு வெளியில் நின்றவர் குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்த்தார். படுத்திருந்த குட்டி தலையைத் தூக்கியது. எழுந்தது. தள்ளாடி வந்து கம்பி வழியாக அவள் கையிலிருந்து ஒரு தழையை வாங்கியது. மென்றது. இன்னொன்று. இன்னொன்று.

நாலாவது தழைக்குள் செயலர் வந்துவிட்டார்.

"இந்தம்மா யாரு?"

"நோன்ப முறிச்சிட்டாங்க!" என்று வரிசையில் யாரோ அலறினார்கள். விசாரித்ததில் உறவினரின் மனைவி என்று தெரிந்தது. உறவினரின் மனைவியும் உறவினர்தான். அவளையும் கோட்டுக்கு வெளியே கொண்டுவந்து விட்டார்கள். மூன்று தழை நோன்பைப் பாதிக்குமா என்று தனியாகக் குறிப்பு எழுதி, பாதிக்காது என்று பெருந்தன்மையாக முடிவு செய்தார்கள்.

"மூணு தின்னுச்சுங்க" என்றாள் அவள். வீடு வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஒன்பதாம் நாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. குட்டியைப் போர்வையில் வைத்துத் தூக்கிவந்து நடுவில் கிடத்தினார்கள். தீவனக்காரர் உறவினர் வரிசையில், அளந்து வைத்த ஐம்பதாவது அடியில், மடியில் தழைக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். தீர்ப்பு முடிந்ததும் கிட்டே போகலாம் என்று செயலர் சொல்லியிருந்தார்.

"மறைந்த குள்ளமரை இனத்துக்கு ஒரு நிமிட மௌனம்."

எல்லோரும் எழுந்தார்கள். தீவனக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். இருபது விநாடி ஆயிற்று. நாற்பது ஆயிற்று. கத்துடி என்று மனசுக்குள் கெஞ்சினார். அன்றைக்கு மௌனம் முதல் தடவையிலேயே சரியாக முடிந்தது.

"அடக்கம் வந்துருச்சு பாருங்க" என்று இரண்டாம் இருக்கை மெச்சினார்.

செயலர் வாசிக்கத் தொடங்கினார். முதல் முப்பது பக்கம் பேரவையின் வரலாறு. அடுத்த முப்பது, இருக்கைகள் செய்த தியாகம். தீவனக்காரர் எதையும் கேட்கவில்லை. குட்டியின் கண் அவரைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டது. அவர் மெல்லத் தொடங்கினார், வெறும் வாயை, இடப்பக்கமாக. போர்வையில் கிடந்த தாடை அசைந்தது. அவர் மென்றார். அதுவும் மென்றது. இரண்டு வாயிலும் ஒன்றும் இல்லை. நடுவில் ஐம்பது அடி.

"பாருங்க, நமக்கு நன்றி சொல்லுது!" என்று மூன்றாம் இருக்கை கண்ணீர் விட்டார். அதற்காக வாசிப்பை நிறுத்தி, நன்றியை ஏற்றுக்கொண்டதாகக் குறித்துவிட்டுத் தொடர்ந்தார்கள்.

நூற்றுப் பத்தாவது பக்கத்தில் தாடை நின்றது. அவர் நிறுத்தவில்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் "உணவளிக்கலாம்" என்ற வார்த்தை வந்தது. முத்திரை விழுந்த சத்தம் கேட்டதும் ஓடினார். மண்டியிட்டு, ஒரு தழையை அதன் உதட்டில் வைத்துத் தன் வாயிலும் ஒன்றை வைத்து மென்றார். "வாடி... வாடி..." என்றார். உதட்டிலிருந்து தழை நழுவிப் போர்வையில் விழுந்தது. அவர் மறுபடி எடுத்து வைத்தார்.

செயலருக்குத் தர்மசங்கடம். உயிர் போனது முத்திரைக்கு முன்பா பின்பா? முன்பு என்றால் செத்தது சாமான், பின்பு என்றால் செத்தது உயிர். அரை மணி நேரம் பேசினார்கள். முதல் இருக்கைதான் வழி சொன்னார்.

"எதுக்குக் குழப்பிக்கறீங்க? இந்த இனம் அழிஞ்சு போச்சுன்னு பதிவேட்டுல ஏற்கெனவே இருக்கு. புதுசா எழுத என்ன இருக்கு?"

பதிவேட்டைத் திறந்து பார்த்தார்கள். சரியாகத்தான் இருந்தது. எல்லோரும் எழுந்து இன்னொரு நிமிடம் மௌனமாக நின்றுவிட்டுக் கலைந்தார்கள்.

பத்து நாள் கழித்துத் தீவனக்காரர் வீட்டுக்கு ஒரு படிவம் வந்தது. 'மறு மீளுயிர்ப்புக்கு உறவினரின் சம்மதம்.' டாக்டரம்மாவிடம் தோல் துணுக்கு இன்னும் மிச்சம் இருந்தது. தீவனக்காரர் படிவத்தின் குறுக்காக, 'வேண்டாம். சாப்பாடு போட வழி பண்ணிட்டு அப்பறம் கொண்டு வாங்க' என்று எழுதி அனுப்பினார். படிவத்தில் 'வேண்டாம்' என்பதற்குக் கட்டம் இல்லாததால் அது பதிலாக ஏற்கப்படவில்லை. முப்பது நாளில் பதில் வராவிட்டால் சம்மதம் என்று பொருள். ஆகவே அவர் சம்மதித்தார்.

அடுத்த வருஷம் புதுக்குட்டி பிறந்தது. அதே தொங்கு காது, அதே கறுப்புக் கோடு, அதே வருத்தம். ஒரே தோல் என்பதால் அதற்கும் தீவனக்காரரே உறவினர் என்று பிறப்பதற்கு முன்பே முடிவாகியிருந்தது. புதுக்குட்டிக்குப் புது விசாரணை என்பதால் மஞ்சள் கோட்டுக்கு மறுபடி பெயின்ட் அடித்தார்கள். அவரைக் கிடங்குக்கு மாற்றியிருந்தார்கள், மைக்ராஸ்கோப்புகளோடு. பால் குடிக்கிற காலத்தை முப்பத்திரண்டு எப்படியோ புட்டியோடு ஓட்டிவிட்டார். ஏழாவது வாரம் உள்ளே தழைக்கட்டைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

தீவனக்காரர் மதிய இடைவேளையில் கோட்டுக்கு வந்தார். குட்டி தழையை மோந்தது. மிதித்தது. இதை என்ன செய்வது என்று கேட்க ஆள் தேடுகிற மாதிரி சுற்றிலும் பார்த்தது. அவர் வெறும் வாயை மெல்ல ஆரம்பித்தார், இடப்பக்கமாக இழுத்து, மெதுவாக.

"இவ்ளோ தூரத்துல அதுக்குக் கண்ணு தெரியாது சார்" என்றான் காவலாளி.

"தெரியும்ப்பா."

"அந்தப் பக்கம்ல பாக்குது."

"திரும்பும். திரும்பறப்ப நான் மென்னுக்கிட்டு இருக்கணும்ல."

இடைவேளை முடிந்து மணி அடித்தது. அவர் நகரவில்லை.